மைதானத்து விருந்து

மாலை ஆறரை மணிக்குத்தான் ஆட்டம் தொடங்கும். ஆயினும், தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில், ஜாம்சில் மைதானத்துக்கு அருகேயுள்ள நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தின் வாயிலில் ஐந்து மணிக்கே சனக்கூட்டம் நெருங்கத் தொடங்கிவிடும். அலுவலகத்திலிருந்து நேரே வருபவர்கள், பாடசாலைச் சீருடையைக் களையாத பிள்ளைகள், பேரப்பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிமார் எனப் பலதிறத்தினரும் அக்கூட்டத்தில் இருப்பர். அவர்களுட் பெரும்பாலோர் கையில் ஒரு பொதி இருக்கும். அப்பொதியில் இருப்பது உணவு. வழிநெடுகக் கடைவிரித்திருக்கும் பெண்கள் இன்னும் வாங்கிச் செல்லுமாறு கூவியழைப்பர். போகிறவர்கள் ஏதோ ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறார்கள் என்றே அயல்நாட்டார் ஒருவர் எண்ணக்கூடும். அவர்கள் போவதோ பேஸ்போல் என்னும் அமெரிக்க ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதற்கு.

கிறிக்கெற் ஆட்டத்தை அறிந்த நேயர்களுக்குப் பேஸ்போலை விளக்குவது கடினமன்று. ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருண்டையான மட்டையால் அதனை அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்ததும் பக்கம் மாறும். இவ்வாறு ஒன்பது சுற்றுகள் நடைபெறும். ஆட்டம் மூன்று மணித்தியாலம் வரை நீள்வது வழமை. அம்மூன்று மணித்தியாலத்தில் பந்து உண்மையாகவே ஓடித் திரியும் நேரம் மிகச் சொற்பம். எறிபவர் யோசிப்பார், அடிப்பவர் மட்டையைச் சரிசெய்வார், பக்கங்கள் மாறும். இவ்விடைவெளிகளை எவ்வாறு நிரப்புவது என்பதில்தான் ஒவ்வொரு நாட்டாரின் இயல்பும் வெளிப்படுகிறது. கொரியர் அவற்றை உண்டும் பாடியும் நிரப்பினர்.

இந்த ஆட்டம் கொரியாவுக்கு வந்த காலம் நல்ல காலமன்று. சியோல் நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணியாற்றிய பிலிப் ஜிலெற் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டளவில் அங்குள்ள இளைஞர்க்கு இதனைக் கற்பித்தார். அதே 1905இல் யப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடென்று ஆக்கிக்கொண்டது. 1910இல் முற்றாகவே விழுங்கிவிட்டது. யப்பானியரும் பேஸ்போலில் மிகுந்த பற்றுடையவர்கள். இன்றும் கொரியர் இவ்வாட்டத்துக்கு வழங்கும் 'யாகு' என்னும் பெயர், வெளிநிலத்துப் பந்து என்று பொருள்படும் சீன எழுத்துக்களாலானது. யப்பானியரும் அதே எழுத்துக்களையே எழுதுகின்றனர். அடிமைப்பட்ட நாட்டின் இளைஞர் ஆளவந்தவரோடு சமமாக நின்று மோதக்கூடிய இடங்கள் அக்காலத்தில் அதிகம் இருக்கவில்லை. பந்தாட்ட மைதானம் அவற்றுள் ஒன்று. 1945இல் விடுதலை கிடைத்தது. பின்னர் நாடு இரண்டாகப் பிரிந்து யுத்தமும் வந்தது. அதன்பின் உயர்தர பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளே பெருங்கூட்டத்தை ஈர்த்தன. பிழைப்புத் தேடிச் சியோலுக்கு வந்தவர்கள், தத்தம் ஊர்ப் பாடசாலை ஆடவரும் நாளில் டொங்டேமுன் மைதானத்திற் கூடி ஊர்ப்பேச்சுப் பேசி மகிழ்ந்தனர்.

தொழில்முறைப் போட்டிகள் தொடங்கியது 1982 மார்ச் 27ஆம் நாள். முதற் பந்தை எறிந்தவர் சனாதிபதி சுன் டூ-ஹ்வான். இராணுவத் தளபதியாயிருந்து ஆட்சியைக் கைப்பற்றியவர் அவர். இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1980 மே மாதத்தில், தென்மேற்கு நகராகிய குவாங்ஜூவில் மக்களாட்சி வேண்டி எழுந்த பொதுமக்கள்மீது படை ஏவப்பட்டுப் பெருந்தொகையானோர் உயிரிழந்திருந்தனர். சிறுவர்க்குக் கனவு, இளைஞர்க்கு ஊக்கம், மக்கள் யாவர்க்கும் நற்பொழுதுபோக்கு என்பன புதிய போட்டியின் விளம்பர வாசகங்களாக அமைந்தன. திரைப்படம், விளையாட்டு, சிற்றின்பம் ஆகிய மூன்றையுங் காட்டி மக்களின் சிந்தையை அரசியலிலிருந்து திருப்பும் சூழ்ச்சி இது என்று எதிர்த்தோர் கூறினர். அக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், முதல் நாளாட்டமே பத்தாவது சுற்றுவரை இழுபட்டு, மூலைகள் மூன்றிலும் ஆட்கள் நிற்க லீ ஜொங்-டோ அடித்த ஓர் அடியால் 11க்கு 7 என முடிவுற்றபோது, பார்த்திருந்தவர் எவரும் சனாதிபதியை நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆட்சியாளர் அளித்தது ஆறு கழகங்களையும் ஒரு கால அட்டவணையையும் மாத்திரமே. எஞ்சிய யாவற்றையும் மக்களே கொண்டுவந்தனர். முதலிற் கொண்டுவந்தது உணவை.

அவ்வுணவுகளுள் முதலிடம் கோழிப்பொரியலுக்கு. இதன் வரலாறே ஒரு தனிப் பேச்சுக்கு உரியது. 1960களிற் சியோல் மக்கள் அறிந்திருந்தது மின்னடுப்பிற் சுழற்றி வாட்டிய முழுக்கோழி. சம்பள நாளில் தகப்பன் அதனை மஞ்சட் கடதாசிப் பையிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதை இன்றும் முதியோர் நினைவுகூருவர். 1970களிற் சமையலெண்ணெயும் பண்ணைக்கோழியும் மலிந்தன. அமெரிக்கர் வழக்கப்படி கோழியைத் துண்டாக்கி மாவிற் தோய்த்துப் பொரிக்கும் கடைகள் தோன்றின. பொரித்ததை ஆறவிட்டு மீண்டும் ஒருமுறை பொரிப்பது பல கடைகளின் கைப்பழக்கம். அதனால் மேற்றோல் மெலிந்து, கடித்தாற் கண்ணாடிபோல் உடையும். 1980ஆம் ஆண்டளவில் டேகூ நகரத்தார் அதன்மேல் ஒரு குழம்பையும் பூசினர். மிளகாய்ச் சாந்து, உள்ளி, தானியப்பாகு முதலியன சேர்ந்த அக்குழம்பு காரமும் இனிப்பும் ஒருங்கே உடையது. ஆறினாலும் அதன் சுவை குன்றாது. எனவே மைதானத்துக்குக் கொண்டுபோவதற்கு அதனிலும் வாய்ப்பான உணவு வேறில்லை. கூடவே புளிக்காடியில் ஊறிய வெள்ளை முள்ளங்கித் துண்டுகள் ஒரு சிறு பெட்டியில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு நாவிற் படியும்போதெல்லாம் ஒரு துண்டை வாயிலிடுவர்.

கோழியோடு பியர் அருந்துவதும் வழக்கம். இரண்டுக்குமான கொரியச் சொற்களின் தலைகளை வெட்டி ஒட்டிச் 'சிமேக்' என்று பெயரும் இட்டுவிட்டனர். முதுகிற் பீப்பாயைச் சுமந்துகொண்டு படிவரிசைகளில் ஏறியிறங்கிப் பியர் ஊற்றிக்கொடுக்கும் இளைஞர்கள் மைதானங்களில் உண்டு. அனுமதி பெற்ற கடைக்கு வெளியே மதுவிற்பது சட்டத்துக்கு மாறானது என்று 2016இல் அதிகாரிகள் இவர்களைத் தடுக்க முற்பட்டனர். பார்வையாளரிடமிருந்து எழுந்த கூக்குரலைக் கேட்டுச் சில நாட்களிலேயே அம்முடிவைக் கைவிட்டனர். மது விற்பனைக்காக மக்கள் திரண்டெழுவது பாராட்டத்தக்கதா என்பது வேறு கேள்வி.

கோழிக்கடைகளின் பெருக்கத்துக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1997ஆம் ஆண்டின் இறுதியிற் கொரியாவைத் தாக்கிய பணநெருக்கடியில் நல்ல உத்தியோகத்தில் இருந்த நடுவயதினர் பலர் வேலையிழந்தனர். கிடைத்த இழப்பீட்டுப் பணத்தை முதலாகக் கொண்டு சிறு கடை ஒன்றை ஆரம்பித்தோர் அவர்களுள் ஏராளம். கோழிப்பொரியற் கடைக்கு வேண்டிய இடமும் முதலும் குறைவு. நேற்றுவரை கணக்கேடு பார்த்தவர் இன்று எண்ணெய்ச் சட்டியின் முன்னே நின்றார். மைதானத்திற் சிரித்துக்கொண்டு உண்ணப்படும் கோழியில் அத்தகைய குடும்பங்களின் வியர்வையும் கலந்திருக்கிறது.

கோழிக்கு அடுத்தது கிம்பப். நல்லெண்ணெயும் உப்புஞ் சேர்த்த சோற்றைக் கடற்பாசித் தாளிற் பரப்பி, கீரை, கரட், முட்டை, மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய் முதலியவற்றை நடுவே வைத்துச் சுருட்டி வட்டவட்டமாக நறுக்குவர். பாடசாலைச் சுற்றுலா நாளில் தாய்மார் அதிகாலையில் எழுந்து கட்டிக்கொடுக்கும் உணவு இதுவே. அதனால் அதன் மணம் நாசியிற் பட்டவுடன் எந்த வயதினர்க்கும் ஒரு விடுமுறை நினைவு தோன்றும். அரிசிமாக் கட்டிகளைச் செந்நிற மிளகாய்க் குழம்பிற் கொதிக்கவைத்த தொக்பொக்கி இன்னொன்று. அரண்மனைச் சமையலில் அது சோயாக் குழம்பிற் சமைக்கப்பட்டது. காரமான வடிவம் கொரிய யுத்தம் ஓய்ந்த 1953ஆம் ஆண்டளவிற் சியோலின் சின்டாங் பகுதித் தெருக்கடையில் தோன்றியதென்பர். முதியோர் சிலர் உலர்த்திய கணவாயைக் கிழித்துக் கிழித்து மென்றபடி ஆட்டம் முழுவதையும் கழித்துவிடுவர்.

இன்ச்சொன் நகர மைதானத்தார் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டனர். அங்கே ஒரு பகுதியிற் குடும்பத்தோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, தட்டையான இரும்புச் சட்டியிற் பன்றியிறைச்சியை வாட்டிக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கலாம். இறைச்சியை இலைக்கறியில் வைத்து, உள்ளியும் சாந்துஞ் சேர்த்து மடித்து, தாய் பிள்ளைக்கு ஊட்டிவிடுவார்; அந்த நேரம் பார்த்துப் பந்து வேலிக்கு அப்பாற் பறந்துபோகும். காணாமற் போனோமே என்று வருந்துவோரிலும், இறைச்சி கருகாமற் காத்தோம் என்று ஆறுதலடைவோரே அதிகம். சுவொன் நகரத்தாரோ தம்மூர்ப் பெயர்பெற்ற கோழிக்கடையையும் கொழுக்கட்டைக் கடையையும் மைதானத்துக்குள்ளேயே வரவழைத்துக்கொண்டனர். வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதற்கும் கொரிய மைதானங்களில் தடையில்லை. இதுவே யாவற்றுக்கும் அடிப்படை. உள்ளே விற்பதைத்தான் உண்ணவேண்டும் என்றிருந்தால், வீட்டுச் சமையல் அங்கு வந்திராது.

உணவுக்கு அடுத்தது பாட்டு. கொரிய மைதானங்களில் ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. அவர் மட்டையோடு வந்து நின்றதும், மேடையில் நிற்கும் கூட்டத்தலைவர் சீழ்க்கை ஊதிக் கையசைக்க, முரசு முழங்க, பல்லாயிரம் பேர் ஒரே குரலில் அவர் பெயரைப் பாடுவர். பாடுவது தத்தம் கழகம் அடிக்கும் பாதியில் மாத்திரமே. எதிர்க்கழகத்தின் முறை வந்ததும் அமர்ந்து உண்ணத் தொடங்குவர். எதிர்த்தரப்பார் அப்போது எழுந்து பாடுவர். இவ்வாறு பாட்டும் உணவும் இருபக்கமும் மாறிமாறி நடைபெறும். இதனை எவரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை.

பாட்டுக்குப் பெயர்போன ஊர் தென்கரைத் துறைமுகமாகிய பூசான். அவ்வூர் லொத்தே கழகம் 1984, 1992 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வெற்றிக்கிண்ணம் பெற்றது. 1984ஆம் ஆண்டு இறுதித் தொடரிற் சொய் டொங்-வொன் என்னும் ஓர் எறிவீரர் தனியொருவராய் நான்கு வெற்றிகளை ஈட்டிக்கொடுத்தார். 2011இல் அவர் மறைந்தார். அவரது சிலை மைதானத்துக்கு வெளியே நிற்கின்றது. 1992இன் பின் தோல்வியே மிகுதியாயினும் பூசான் மக்கள் மைதானத்தைக் கைவிடவில்லை. பத்திரிகைத் தாள்களைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்துக் குஞ்சமாக்கி ஆட்டுவதும், குப்பை சேர்க்கக் கொடுத்த செம்மஞ்சட் பொலித்தீன் பையை ஊதித் தலையிற் கட்டிக்கொண்டு ஊரின் கடற்காகங்களைப் பற்றிய பாட்டைப் பாடுவதும் நெடுங்காலம் அவர்களின் அடையாளங்களாயிருந்தன. ஆட்டம் முடிந்ததும் அதே பையில் கோழியெலும்புகளைச் சேர்த்துக் கட்டிவிட்டுப் போவர். வரிசைகளுக்குள் விழும் பந்தைப் பெரியவர் ஒருவர் பிடித்துவிட்டாற் போதும், "பிள்ளைக்குக் கொடு!" என்று மைதானமே தன் ஊர்ப்பேச்சில் முழங்கும். கொடுக்காமற் தப்புவது அரிது.

இவ்விடத்திற் குவாங்ஜூவைப் பற்றியும் கூறவேண்டும். துயரம் சுமந்த அந்நகருக்கும் 1982இல் ஒரு கழகம் கிடைத்தது. இனிப்புப்பண்டக் கம்பனியான ஹைத்தாயின் பெயரைத் தாங்கிய 'புலிகள்' என்பது அக்கழகம். 1983 தொடக்கம் 1997 வரையில் ஒன்பது தடவை அது வெற்றிக்கிண்ணம் வென்றது. அரசாங்க முதலீடுகளிலும் உத்தியோகங்களிலும் தென்மேற்கு மாகாணத்தார் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்தனர். தம்மிலும் பெரிய நகரங்களை அவர்கள் ஒளிவுமறைவின்றி வெல்லக்கூடிய இடமாக மைதானம் ஒன்றுதான் இருந்தது. அங்கு அவர்கள் பாடியது வீரப்பாட்டன்று. 'மொக்போவின் கண்ணீர்' என்னும் பழைய சோகப்பாடல். அயலிலுள்ள மொக்போ துறைமுகத்தின் பிரிவுத்துயரைச் சொல்லும் அப்பாடலை, யப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1935இல், அவ்வூர்ப் பெண்ணாகிய லீ நன்-யொங் பாடினார். வென்ற நாளிலும் அக்கூட்டம் அதனையே பாடியது. 1980ஐப் பற்றி வெளிப்படையாகப் பேசமுடியாதிருந்த ஆண்டுகளில், பல்லாயிரம் பேர் ஒன்றுகூடி ஒரு சோகப்பாட்டைப் பாடுவதை எந்தச் சட்டத்தின் கீழ்த் தடுப்பது?

படை ஏவப்பட்ட நாளாகிய மே 18இல் அந்நகரில் ஆட்டம் வைப்பதை ஆண்டாண்டாகத் தவிர்த்தே வந்தனர். 2000ஆம் ஆண்டிலேதான் அந்நாளில் அங்கு ஆட்டம் நடந்தது. கியா என்னும் மோட்டார்க் கம்பனியின் பெயரில் இப்போது விளங்கும் அக்கழகத்தார், மே 18 அன்று தம்மூரில் ஆடும்போது முரசையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. அன்று உணவு உண்டு, முழக்கம் இல்லை.

பாட்டும் உணவும் ஆட்டத்துக்கு எவ்வளவு இன்றியமையாதன என்பது 2020இல் வெளிப்பட்டது. கொரோனாத் தொற்றினால் உலகின் மைதானங்கள் மூடிக்கிடக்க, கொரியர் மே 5ஆம் நாள் வெற்று ஆசனங்களின் முன்னே ஆடத் தொடங்கினர். அமெரிக்கத் தொலைக்காட்சியும் அந்த ஆட்டங்களை ஒளிபரப்பியது. பின்னர் சிறு தொகையினர் உள்ளே விடப்பட்டனர். ஆனால் ஆசனத்தில் உண்ணலாகாது, வாய்விட்டுப் பாடலாகாது என்பது விதி. மக்கள் முகக்கவசத்தோடு அமர்ந்து கைதட்டினர். ஆட்டத்தின் விதிகளுள் ஒன்றேனும் மாறவில்லை. ஆயினும் எவர்க்கும் அது ஆட்டமாகத் தோன்றவில்லை. 2022 வசந்தகாலத்தில் உணவும், சற்றுப் பின்னர் குரலும் திரும்பின. 2024ஆம் ஆண்டில் பத்துக் கழகங்களின் ஆட்டங்களையும் பார்க்க ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்தனர். 2025இல் அத்தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தைக் கடந்தது. நாட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ ஐந்து கோடி. வருவோருள் இளம்பெண்களின் தொகை பெரிதும் கூடியிருக்கிறது.

இவ்விருந்து இப்போது ஆட்டத்தின் தாய்நாட்டுக்கும் சென்றிருக்கிறது. 1992 ஏப்ரல் 29இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மூண்ட கலவரத்தில் அங்கு குடியேறிய கொரியரின் கடைகள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை சேதமுற்றன. பொலிசார் வரவில்லை, அயலார் துணைநிற்கவில்லை. 'நான்கு, இரண்டு, ஒன்பது' என்று திகதியின் இலக்கங்களாலேயே அந்நாளை அவர்கள் குறிப்பிடுவர். இரண்டாண்டு கழித்து, 1994 ஏப்ரலில், அந்நகரின் டொட்ஜேர்ஸ் கழகத்துக்காகப் பார்க் சான்-ஹோ பந்தெறிய வந்தார். அமெரிக்கப் பெருங்கழகங்களில் ஆடிய முதற் கொரியர் அவர். அங்கு அவர் ஈட்டிய 124 வெற்றிகள் ஆசியாவிற் பிறந்த எறிவீரர்களுள் அதிகமானவை. சாம்பலாய்ப் போன கடைகளை மீளக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குச் சென்றனர்.

இன்று லொஸ் ஏஞ்சலிஸ் முதலிய அமெரிக்க நகரங்களின் மைதானங்களில் ஆண்டில் ஓரிரவு கொரியப் பண்பாட்டுக்கென ஒதுக்கப்படுகிறது. ஹன்போக் என்னும் அகன்ற பாவாடையுடையில் மகளிர் அணிவகுப்பர். நான்கு இசைக்கருவிகள் கொண்ட சமுல்நோரி முழங்கும். சிறு சேகண்டி இடியையும், பெருஞ் சேகண்டி காற்றையும், உடுக்கைபோல் இடைசுருங்கிய முழவு மழையையும், உருண்டை முரசு முகிலையும் குறிக்கும் என்பர். வயலில் நாற்று நடுவோர்க்கு உழைப்பின் களைப்புத் தோன்றாதிருக்க அடித்த மேளத்தின் வழிவந்தது அது. கடைகளிலே கோழியும் கிம்சியும் விற்கப்படும். ஒரு தலைமுறைக்கு முன்னர் கிம்சியின் மணத்துக்கு வெட்கிப் பாடசாலையில் உணவுப்பெட்டியைத் திறக்கத் தயங்கிய பிள்ளைகள், இன்று அதற்கென வரிசையில் நிற்கும் அயலாருக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கின்றனர்.

நுழைவுச்சீட்டு விற்பனைக்காக வகுத்த ஏற்பாடுதானே என்று கூறுவோரும் உண்டு. அது உண்மையே. ஓரிரவு கழிந்ததும் மேளக்காரர் போய்விடுவர். கடைகளில் வழமையான சொசேஜ் ரொட்டி திரும்பிவிடும். ஜாம்சிலிலோ மறுநாளும் ஆறரை மணிக்கு ஆட்டம். ஐந்து மணிக்கே நிலையத்து வாயிலிற் பொதிகளோடு கூட்டம் நெருங்கும். திங்கட்கிழமை மாத்திரம் ஆட்டக்காரர்க்கு ஓய்வு. அன்றுதான் அவ்வீதியிற் கோழி பொரிக்கிறவர்களும் சற்றுக் காலாறி இருப்பார்கள்.